சக்கரத்துக்குப் போட்ட கிரீஸ்

மாப்ள,

இதை எழுதும்போது என் கையில் மண்ணெண்ணெயும் பழைய கிரீஸும் கலந்து வாடை அடிக்கிறது. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிவிட்டேன். போவேனா என்கிறது.

விடியற்காலையில் என் மனைவிதான் எழுப்பினாள். "ஏங்க, யாருங்க இந்நேரத்துல சைக்கிளைக் கவுத்துப் போட்டுச் சுத்துறது? கிர்ரு கிர்ருன்னு கேக்குது" என்றாள். வாசலில் யாரும் இல்லை. சத்தம் பீரோவுக்குள்ளிருந்து வந்தது. இரண்டு முறை கிர்ர். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் இரண்டு முறை. பீரோவில், துண்டில் சுற்றிய உன் தூண்டில் சக்கரம் இருப்பது அவளுக்குத் தெரியாது. எட்டு வருஷமாக நான் அதை யாருக்கும் காட்டியதில்லை.

உன் சித்தப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்த சக்கரம். அதை வைத்துக்கொண்டு நீ பண்ணிய அலப்பறை கொஞ்சமா! ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் என்னையும் இழுத்துக்கொண்டு திருவாதவூர்ப் பக்கம் கண்மாய்க்குப் போவாய். மீன் குத்தகைக்காரருடையது, காவல்காரர் கண்ணில் பட்டால் தொலைந்தோம். அதனால் கரையில் பேச்சே கிடையாது. நாணலுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவில் மார்கழிப் பனி. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் சக்கரத்தை இரண்டு முறை சுற்றுவாய். "சத்தம் கேட்டா நான் இருக்கேன்னு அர்த்தம், மாப்ள. கேக்கலைன்னா வந்து பாரு." அம்புட்டுத்தான் நம் ஒப்பந்தம்.

அந்தச் சத்தம்தான் எனக்கு ஆகாது. ஒரு முறை அதைக் கேட்டுக் காவல்காரர் துரத்தினார், நினைவிருக்கிறதா? நான் ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினேன். நீ வழியெல்லாம் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீன் திருடப் போனேன் என்று ஆபீசில் தெரிந்தால் மானம் போகுமே என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் சக்கரத்தைத் துடைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். நீ படித்துப் படித்துச் சொன்னாய்: "தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு, பல்லுல மெல்லிசு கிரீஸ் ஊசி முனையளவு. கெட்டியாப் போட்டுறாத, ஊமையாயிரும்." ஊமையாக வேண்டும் என்பதுதானே எனக்கு! நேராகச் சிம்மக்கல்லில் இருக்கும் எண்ணெய், கிரீஸ் கடைக்குப் போனேன்.

"அண்ணே, இருக்கறதுலயே கெட்டியான கிரீஸ் எது?"

"எதுக்குண்ணே? லாரிக்கா?" என்றார் கடைக்காரர்.

"சின்னச் சக்கரம். சத்தம் வரக் கூடாது."

"அப்ப லாரி வீல் கிரீஸ் போடுங்க. பனியில இறுகிச்சுன்னா வாயே தெறக்காது."

பற்கள் மறையும்படி அப்பினேன். ஞாயிற்றுக்கிழமை கரையில், சுற்றிய துண்டோடு உன்னிடம் நீட்டினேன். பிரித்துப் பார்க்காமலே நாணலுக்குள் போனாய். அங்கே கம்பில் மாட்டும்போது உனக்குத் தெரிந்திருக்கும். பஸ்ஸில் ஏசிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாய்.

அன்று பனி அதிகம். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கிரீஸ் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டேன், மாப்ள.

பனி விலகியபோது கூச்சல் போட்டது காவல்காரர்தான். மடைப் பள்ளத்துச் சேற்றில் நீ புதைந்திருந்தாய். "தண்ணிக்கு மேல ஒரு கையும் சக்கரமும்தான்யா தெரிஞ்சுச்சு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உன்னைக் கரையில் கிடத்தியபோதும் கைப்பிடியிலிருந்து விரல்களைப் பிரிக்க முடியவில்லை. "சாகும்போதும் விடல பாரு, அம்புட்டு ஆசை" என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆசையில் பிடித்திருந்தாய் என்று ஊர் நினைத்தது. வாய் தண்ணீருக்குள் போனபின் அதைச் சுற்றப் பார்த்து நீ என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் நாற்பது அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

அன்று உன் கையிலிருந்து எடுத்து நான் சுற்றிவைத்த துண்டை இன்று காலை பிரித்தேன். கிரீஸ் காய்ந்து அரக்காக இறுகியிருந்தது. இரண்டு கையாலும் திருகிப் பார்த்தேன், சக்கரம் ஒரு மயிரிழை அசையவில்லை. அப்படியானால் காலையில் சுற்றியது எது? என் மனைவி காதிலும் அந்தச் சத்தம் விழுந்ததே! ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து, பல் பல்லாகச் சுரண்டி எடுத்தேன். "என்னங்க இது?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போய்த் தையல் மெஷின் எண்ணெயை எடுத்துவந்து வைத்தாள்.

இரண்டு சொட்டுத்தான் விட்டேன். பல்லில் ஊசி முனையளவு மெல்லிய கிரீஸ். இப்போது விரல் பட்டாலே கிர்ர் என்கிறது. பீரோவுக்குள் வைக்கவில்லை; என் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது. இருந்தாலும் கூப்பிடு, மாப்ள. இந்தத் தடவை வாரேன்.