மூன்றாம் ஓலைக்கு முன்

கொட்டாஞ்சேனை,
புதன்கிழமை.

அன்பு மகன் அனுஜனுக்கு,

மாதாவின் துணையால் நானும் தங்கச்சியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். உன் சுகத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை, நான் அனுப்புகிற செய்திகளில் எல்லாம் அந்த இரண்டு கோடுகளும் நீலமாகிவிடுகின்றன, ஆகவே நீ சுகமாக இருக்கிறாய், வாசிக்கவும் செய்கிறாய், பதில்தான் இல்லை. அழைத்தால் எடுக்கிறாயில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அங்கிருந்து லீவில் வந்த கொன்ஸ்ரன்ஸ் நாளை ரோமுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தால் வெள்ளிக்கிழமை உன்னிடம் வந்துவிடும். கண்ணில் சத்திரசிகிச்சை செய்து இன்னும் மருந்து விடுவதால் நான் சொல்லச் சொல்ல றேணுகா எழுதுகிறாள். அழுதுகொண்டு எப்படிச் சொல்வது என்றேன், “நீங்க அழுதழுது சொல்லுங்கம்மா, எழுத்துப்பிழைய நான் பாக்கிறன்” என்கிறாள். உன் தங்கச்சியும் வளர்ந்துவிட்டாள்.

போன ஞாயிறு பூசையில் உனக்கும் டோரினுக்கும் இரண்டாம் கல்யாண ஓலை வாசித்தார்கள். கொட்டாஞ்சேனை யோசெப்பின் அம்மாவின் மகன் அனுஜன், பேதுரு மகள் டோரின், இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்க வேண்டும் என்று பாதர் வாசித்தபோது நான் புதிய சேலை கட்டிக்கொண்டு முன் வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் கொன்ஸ்ரன்ஸ் நீ அனுப்பிய பார்சலைக் கொண்டுவந்தாள். அவள் வத்தளையில் மாமியார் வீட்டில் நிற்கிறாள், ஓலை வாசித்தது அவளுக்குத் தெரியாது. நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், அவள் சாதாரணமாகச் சொன்னாள், “அன்ரி, உங்கட பேரனுக்கு உங்கட மூக்குத்தான், கோவம் வந்தா அதைச் சுருக்கிறதும் அப்பிடியே.” நான் கோப்பையை வைத்துவிட்டு, ஓம் ஓம், அது எங்கட பரம்பரை மூக்கு என்று சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு அவள், “உங்கட மருமகள் சுடுற கேக்குக்கு ஞாயிற்றுக்கிழமையில கோவிலடியில பெரிய வரிசை அன்ரி, பிலிப்பைன்ஸ் பிள்ளை எண்டாலும் எங்கட மீன் குழம்பு என்னைவிட நல்லா வைக்கிறா” என்றாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவள் போனதும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டேன். றேணுகா வெளியே நின்று தட்டத் தட்ட நான் திறக்கவில்லை.

மகன், நீ மூன்று வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவன், இப்போது பதின்மூன்று வருஷம். நான் அந்த மூன்று வருஷத்தைத்தான் நீட்டி நீட்டி நம்பிக்கொண்டிருந்தேன். நீ அங்கே வேலைக்குப் போய் வருகிறாய், தூங்குகிறாய், திரும்பி வரக் காத்திருக்கிறாய் என்றே நினைத்தேன். ஒருவன் அத்தனை காலம் ஓர் ஊரில் சும்மா காத்திருப்பானா என்று என் புத்தியில் படவில்லை. நேற்று றேணுகா உன் படங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினாள். இடிந்த பெரிய தூண்களுக்கு முன் நீ, ஆற்றுப் பாலத்தில் நீ, இரண்டாயிரம் வருஷத்து மதிலில் சாய்ந்து நீ. எல்லாவற்றிலும் தனியாகத்தான் நிற்கிறாய். ஆனால் அந்தப் படங்களை யாரோ எடுத்திருக்கிறார்கள், அவரைப் பார்த்துத்தான் நீ சிரிக்கிறாய். இத்தனை வருஷம் அது யார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

நான் பெண் பார்த்தபோது நீ, “உங்கட விருப்பம் அம்மா” என்றாய். அதை நான் ஓம் என்று எடுத்துக்கொண்டு பேதுரு வீட்டுக்கு ஓடினேன். அங்குள்ள கோவிலில் இருந்து, நீ மணமாகாதவன் என்ற கடிதம் இன்னும் வரவில்லையே என்று பாதர் இருமுறை கேட்டார், இத்தாலித் தபால் அப்படித்தான் என்று நானே சமாதானம் சொன்னேன். உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அந்தப் பிள்ளை வேற்று நாட்டவள் என்பதற்காகக் கோபமில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்து என் மடியில் தலைவைத்துக் கிடந்தாயே, அப்போதாவது சொல்லியிருக்கலாம், நான் உன்னை என்ன செய்திருப்பேன்?

இப்போது டோரினை நினைத்துத்தான் என் வயிறு எரிகிறது. பம்பலப்பிட்டியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாளே, அந்த வேலையை மாத முடிவோடு விடுவதாகச் சொல்லிவிட்டாள். போனில் இத்தாலி மொழி படிக்கிறாள், லேனில் என்னைக் கண்டால், “புவோன்ஜோர்னோ மாமி, சரியா சொன்னனா?” என்று கேட்டுச் சிரிக்கிறாள். நேற்று அவள் வருவதைக் கண்டு நான் கடைக்குள் ஒளிந்தேன், மகன். இந்த வயதில் ஒரு பிள்ளைக்குப் பயந்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன். முதலாளி, “மொகத நோனா, என்ன விஷயம், கடனா?” என்று பகிடி பண்ணினார்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிப் பூசை முடிய நான் பாதரிடம் போகிறேன். தடை அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும், நான் அறிவேன். என் வாயால் என் மகனின் ஓலையை நிறுத்துவேன், ஊர் என்ன சொன்னாலும் மூன்றாம் முறை அதை வாசிக்க விடமாட்டேன். ஆனால் அதற்கு முன் நீ டோரினுக்கு அழைத்துப் பேச வேண்டும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். பாதர் சொல்லியோ அயலவர் சொல்லியோ அவள் கேட்கக்கூடாது. எனக்குப் பதில் போடாவிட்டாலும் போகட்டும், அவளிடம் உன் குரலில் சொல், அவள் திட்டினால் கேட்டுக்கொள், வைத்துவிட்டால் மீண்டும் எடு. பேதுருவின் காலில் நான் விழுந்துகொள்கிறேன், அது என் பாடு.

கொன்ஸ்ரன்ஸுக்கு நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, நீயும் அவளைக் கோபிக்காதே, அவள் நல்லெண்ணத்தில் சொன்னாள். குளிர் தொடங்குகிறது, நெஞ்சைத் திறந்துபோட்டுத் திரியாதே. உன் மனைவியையும் நன்றாகப் பார்த்துக்கொள், ஊரை விட்டு வந்தவள்தானே அவளும். ஆண்டவர் உன்னையும் அவளையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடித்துவிட்டு கொன்ஸ்ரன்ஸிடம் எப்படிக் கேட்பேன்? இரவுச் செபத்தில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வரும்போது அந்த இடத்தில் வாய் நின்றுவிடுகிறது. டோரினிடம் பேசி முடித்தபின், பெயரை மட்டும் எழுதி அனுப்பு.

உன் அம்மா,
யோசெப்பின்