கச்சான் சுற்றாத சொல்

மச்சான், நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். உங்களுக்காக ஒன்றையும் கூட்டமாட்டேன். என் மானத்துக்காக ஒன்றையும் குறைக்கவும் மாட்டேன்.

இன்று அலுமாரியைத் திறந்ததும் வறுத்த கச்சான் கடலை மணம் வந்தது. உங்கள் ஆங்கில அகராதிதான். பஸ் நிலையத்தில் கச்சான் விற்ற நீங்கள் சுருள் சுற்ற எடைக்கு வாங்கிய பழைய புத்தகங்களில் ஒன்று. அதன் அருமை தெரியவருவதற்குள் 'எல்' எழுத்துவரை அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. ராத்தாவைக் கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது மிச்சத்தை எனக்குத் தந்தீர்கள். அதனால் 'எம்' முதல் நான் கெட்டிக்காரி.

அதில்தான் 'மெய்னி'யைக் கண்டேன். தலைவருக்குப் பின்னால் செல்லும் கூட்டத்தாருக்கு ஆங்கிலேயர் ஒரு காலத்தில் வழங்கிய சொல். இலத்தீனில் இருப்பிடத்தைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்து, முதலில் வீட்டார் என்றும், பிறகு பின்செல்வோர் என்றும் ஆனது. எடுபிடி வேலைக்கான 'மீனியல்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதற்கு உறவுதான் என்று வாசித்துக் காட்டினேன்.

"அப்ப அது நான்தான் புள்ள," என்றீர்கள். "மாப்பிளயா வந்தன். இப்ப மோட்டர் போடுறதும் நான், கோழி அடைக்கிறதும் நான்."

மாகாண ஆங்கிலப் போட்டிக் கட்டுரையில் அந்தச் சொல்லைப் போட்டேன். அப்படியொரு சொல்லே இல்லையென்று டீச்சர் சிவப்பால் வெட்டினார்; கட்டுரையை அனுப்ப முடியாது என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்கள் அகராதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் புறப்பட்டீர்கள். நீங்கள் சண்டை பிடிப்பீர்கள் என்று ராத்தா பின்னால் வந்தார். ராத்தாவுக்கு உங்களைவிட வாய் கூடுதல் என்று உம்மா வந்தார். என்ன ஏது என்று தெரியாமலே உம்மாவின் தங்கை சாச்சி அகப்பையோடு வந்தார்.

"ஆர் இவங்கெல்லாம்?" என்றார் டீச்சர்.

"இவங்கதான் டீச்சர் அந்தச் சொல்லு," என்றேன்.

டீச்சர் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். "சொல்லு இரிக்கிதான். முன்பக்கமெல்லாம் எங்க?"

"வித்திட்டன் டீச்சர்," என்றீர்கள்.

கட்டுரை போனது. பரிசு கிடைக்கவில்லை.

நீங்கள் மௌத்தான அன்று ஊர் ஆண்கள் எல்லாரும் அடக்கத்துக்கு உங்கள் பின்னால் நடந்தார்கள். பெண்கள் நாங்கள் வீட்டுக்குள் நின்றோம். "அவருக்குப் பின்னால போக எனக்கு ஏலாமப் போச்சே," என்று ராத்தா அழுதார்.

இன்று அந்தப் பக்கத்தை ராத்தாவுக்குக் காட்டினேன். வீட்டார் என்பதற்குத்தான் ஒன்று என்று இலக்கம் போட்டிருக்கிறது. பின்செல்வது இரண்டாவதுதான். ராத்தா அந்த ஒன்றின்மேல் நெடுநேரம் விரலை வைத்திருந்தார். பிறகு, "படு புள்ள," என்று லைட்டை நிறுத்திவிட்டார்.