பஞ்சைக் கழுவிவிட்டேன், அண்ணே

என்னை விட்டுப் போகாத என் அண்ணனுக்கு,

உன் மகள் ஜெனிஷா வீட்டில் மீன் வளர்க்கிறாள். சிரிக்காதே. நீ கடலோடு போன பிறகு கரைப் பக்கமே எட்டிப் பார்க்காதவள், பள்ளிக்கூடத்துக்குக்கூடச் சுற்றுவழியில் போகிறவள், திங்கள்நகரில் ஒரு கடை வாசலில் நின்றுகொண்டு கண்ணாடித் தொட்டி கேட்டாள். கூட வந்த மைனி, அவள் அம்மா, என் முகத்தைப் பார்த்தாள். நான் உடனே வாங்கிவிட்டேன்.

மணல் பரப்பி, தண்ணீர் நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, மூன்று வாரம் சும்மா வைத்த பிறகுதான் மீன் விட வேண்டும் என்றார் கடைக்காரர். பிள்ளை காலண்டரைப் பார்த்துப் பார்த்துப் பொறுத்திருந்தாள். கடைசியில் ஆறு கப்பி மீன்கள் வந்தன. அவள் சிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும் அண்ணே.

கெடுத்தது நான்தான். நேற்று அவள் பள்ளிக்கூடம் போனதும் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீரை வடிகட்டும் பஞ்சு முழுக்க வழுவழுவென்று அழுக்கு. சந்தைக்குப் போகும் மீன் பெட்டியில் கொஞ்சம் வழுவழுப்பு இருந்தாலே அம்மா நம்மை என்ன பேச்சுப் பேசுவாள்? அந்த வளர்ப்பு போகுமா? குழாயடியில் வைத்துப் பஞ்சை வெளுக்கும்வரை கசக்கினேன். மணலை அலசினேன். குழாய்த் தண்ணீரைப் பிடித்து மொத்தமாக மாற்றினேன்.

மதியம் பார்த்தால் ஆறும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. செத்த மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்த்து, இன்று வலையில் பட்டதா நேற்றுப் பட்டதா என்று சொல்லிவிடுவேன். உயிரோடு இருக்கிற மீனுக்கு என்ன வேண்டும் என்று நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

கழிவை முறிக்கிற நல்ல கிருமிகள் இருந்த அந்த வழுவழுப்புதான் மீனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று கடைக்காரர் போனில் சொன்னார். அவருடைய தொட்டியில் ஊறிய பழைய பஞ்சு ஒன்று தருகிறேன் என்றார். பஸ் பிடித்து ஓடினேன். பஞ்சைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஏதாவது செத்தால் அதே நிறத்தில் ஒன்றைப் போட்டுவிடுங்கள், பிள்ளைக்குத் தெரியாது என்றார். இன்னொரு மீனை வாங்க என் கை நீண்டுவிட்டது அண்ணே.

நீ வராத பதினோரு நாளும், அப்பா கடலில் பல நாள் தங்கிப் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று அவளிடம் சொன்னது நான். பன்னிரண்டாம் நாள் வாசலில் சாவுப் பந்தல் போட்டவர்களைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள். அதிலிருந்து நான் எதைச் சொன்னாலும் மைனியிடம் ஒரு தடவை கேட்டுத்தான் நம்புகிறாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

நான் வருவதற்குள் அவள் வந்துவிட்டாள். சீருடையோடு தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு மீன் அடியில் சாய்ந்து கிடந்தது.

“என்ன செஞ்சே அத்தே?”

“பஞ்சக் கழுவிப்போட்டேன் மக்களே. தப்பு எம்மேலதான்.”

“பொழச்சிருமா?”

“எனக்குத் தெரியாது மக்களே.”

என் முகத்தையே பார்த்தாள். மைனியிடம் கேட்கப் போகவில்லை. பஞ்சுக்காகக் கையை நீட்டினாள்.

இன்று ஐந்து நீந்துகின்றன. சாய்ந்தது சாய்ந்தபடியே கிடக்கிறது, செவுள் மட்டும் அசைகிறது. நாலு மணிக்கு அவள் வந்துவிடுவாள். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே. இந்தப் பயம்தான் அந்தப் பதினோரு நாளும் என்னைப் பொய் சொல்ல வைத்தது.

அது செத்துப்போனால் ஒளிக்க மாட்டேன். வாசலில் நின்று, அவள் பையை இறக்கி வைக்கும் முன்னால் நானே சொல்லுவேன். அப்பாவைக் கடலில் காணவில்லை, வருவாரா என்று எனக்குத் தெரியாது என்று அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதையும் சேர்த்துச் சொல்லுவேன்.

உன் தங்கை,
ஜெனிஷாவின் அத்தை