ஏழாம் ஆணியில் தொங்கிய டோக்கன்

சுவரில் ஓர் ஆணியைப் பார்த்தாலே நினைவுக்கு வந்துவிடுகிற என் மலர் அண்ணிக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இழைப்பு மெஷின் வந்து சேர்ந்துவிட்டது. பிளேடு உடையவில்லை, வயர் அறுபடவில்லை. பத்து மாதமாக அது எங்கே இருந்தது என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். போன வாரத்திலிருந்து அண்ணனுக்கும் தெரியும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அரியலூரில் ஒரு சிமென்ட் ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தீர்கள். என் அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் சுவரில் மூன்று ஓட்டை போட்டுவிட்டுக் காலண்டரை மேசைமேல் வைத்துவிடுகிற ஆள். குரும்பலூர் ரோட்டில் வீடு கட்டியபோது காருக்கென்று ஒரு ஷெட் போட்டீர்கள். கார் வரவில்லை, உங்கள் மெஷின்கள்தான் ஒவ்வொன்றாக வந்தன. மற்ற பெண்கள் சீட்டு எடுத்து வளையல் வாங்கினால் நீங்கள் டிரில்லிங் மெஷின் வாங்கினீர்கள். "எங்க அண்ணி காதுல கழுத்துல ஒண்ணும் போடாது, எல்லாத்தையும் ஷெட்டுச் சுவத்துக்குத்தான் மாட்டும்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான்தான்.

அந்தச் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்சுவர் முழுக்க பிளைவுட் பலகை. ஒவ்வொரு மெஷினையும் பலகைமேல் வைத்துக் கறுப்பு பெயிண்டில் அதன் உருவத்தைச் சுற்றி வரைந்து, பக்கத்தில் ஓர் ஆணியும் அடித்து எண் போட்டிருந்தீர்கள். எந்த மெஷினை எடுத்தாலும் அந்த இடம் காலியாகப் பல்லைக் காட்டும். கனமான கட்டிங் மெஷின் இடுப்பு உயரத்தில்தான் இருக்கும், தலைக்கு மேல் எதுவும் தொங்கக் கூடாது. பேட்டரி டிரில்லுக்கு நாலு இஞ்ச் பைப்பை வெட்டிக் கூடு செய்திருந்தீர்கள். சார்ஜர்களுக்கு மரத்தூள் படாத தனித் தட்டு. வயரைத் தளர்வாகச் சுருட்டி, பழைய சைக்கிள் டியூப்பில் வெட்டிய வளையத்தைப் போட்டு வைப்பீர்கள். பிளேடுகள் பிஸ்கட் டப்பாவில், துரு பிடிக்காமலிருக்க உள்ளே ரெண்டு கட்டி கற்பூரம்.

"சாமிக்கு ஏத்த வேண்டியத இங்க வந்து வச்சிருக்கீங்களே அண்ணி" என்று கேட்டேன். "துரு புடிச்ச பிளேடு ஒடைஞ்சு தெறிச்சா சாமியா வந்து கண்ண மறைக்கும்?" என்றீர்கள். உங்களிடம் வாய் கொடுத்து நான் என்றைக்கு ஜெயித்தேன்?

ஒரு வருஷம் ஆயுத பூசைக்கு வந்தவள், உங்களுக்கு உதவி செய்கிறேன் என்று எல்லா மெஷினுக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டேன். காற்று போக வேண்டிய ஓட்டைகள் எல்லாவற்றிலும் சந்தனம். மறுநாள் கட்டிங் மெஷினைப் போட்டதும் ஷெட் முழுக்கப் புகையும் சந்தன வாசனையும். நீங்கள் திட்டவில்லை. மெஷினைக் கழற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து உட்கார்ந்திருந்தீர்கள். அடுத்த வருஷத்திலிருந்து பொட்டு பலகைக்கு மட்டும், மெஷினுக்குப் பூ மட்டும் என்று சட்டம் வந்தது.

உங்கள் சட்டங்களிலேயே எனக்குப் பிடிக்காதது டோக்கன். ஃபேக்டரி ஸ்டோர்ஸில் சாமான் வாங்குகிற ஆள் தன் டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் வாங்க வேண்டுமாம். அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தீர்கள். அலுமினியத் தகட்டை வட்டமாக வெட்டி, ஆளுக்கு ஒன்றாகப் பேர் பொறித்து, ஷெட் வாசலில் இடது பக்கம் வரிசையாக ஆணி அடித்து மாட்டினீர்கள். மெஷின் எடுக்கிறவர் தன் டோக்கனை அந்த மெஷினின் ஆணியில் மாட்டிவிட்டு எடுக்க வேண்டும். மெஷின் திரும்பி வந்தால்தான் டோக்கன் இடது பக்கத்துக்குப் போகும். "வூட்டுக்குள்ளயே ரேஷன் கடையா?" என்று நான் கேலி செய்தேன். நீங்களே எடுத்தாலும் உங்கள் டோக்கனை மாட்டிவிட்டுத்தான் எடுப்பீர்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன், சொன்னால் கேலி எடுபடாதே.

போன கார்த்திகை மழையில் திருமானூரில் எங்கள் வாசல் கதவு உப்பிப்போய்ச் சாத்த முடியவில்லை. தச்சர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடித்தார். இழைப்பு மெஷினுக்காக உங்களிடம் வந்தேன். என் டோக்கனைச் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருந்தேன், அந்தச் சாவிக்கொத்தையே எங்கோ தொலைத்திருந்தேன்.

"டோக்கன் இல்லாட்டி மெஷின் கெடையாது தமிழு."

"அண்ணி, அங்க கதவு தொறந்து கெடக்கு. நாயெல்லாம் உள்ள வருது. உங்க சட்டத்த நாய்க்கிட்டயா சொல்றது?"

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். உங்கள் டோக்கனை எடுத்து இழைப்பு மெஷினின் ஏழாம் ஆணியில் மாட்டினீர்கள். "சரி, எம் பேருல கொண்டு போ. ஒரு வாரத்துல வந்துரணும்." மெஷினைக் கட்டைப்பையில் வைத்துக் கொடுத்து, பிளேடு மேல் கை படாமல் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். அண்ணன் அப்போது கடையில் இருந்தார்.

ஐந்தாம் நாள் காலை ஃபேக்டரிக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரி வாசலோடு எல்லாம் முடிந்தது. மெஷினைப் பற்றிய நினைப்பே எனக்கு அப்போது இல்லை. கதவை இழைத்த கையோடு ஏற்றி வைத்தது, எங்கள் பரணில் கட்டைப்பையோடு கிடந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் ஷெட்டுக்குள் நின்றார். ஏழாம் ஆணியில் உங்கள் டோக்கன், பக்கத்தில் காலி உருவம். "அவ கடைசியா எழப்பு மெஷின எடுத்திருக்கா" என்றார். "எங்கிட்ட சொல்லாம ஏதோ வேல ஆரம்பிச்சிருக்கா. எனக்காத்தான் இருக்கும். கடைக்கு ஒரு மேச வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்ல?" பதினாறு நாளில் முதல் முறையாக அந்த முகத்தில் ஒரு வெளிச்சம். என் பக்கம் திரும்பி, "உனக்கு ஏதும் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியலையே அண்ணே" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் அண்ணி. அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் ரெண்டு நிமிஷத்தோடு போயிருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அது கனத்துக்கொண்டே போனது. அண்ணன் உங்கள் ஃபேக்டரிக்குப் போய் ஸ்டோர்ஸில் விசாரித்தார். கட்டிலுக்கு அடியிலும் அடுக்களைப் பரணிலும் தேடினார். ஷெட்டில் சாய்த்து வைத்திருந்த பலகைகளின் ஓரத்தை விரலால் தடவித் தடவி, புதிதாக இழைத்த பலகை எது என்று பார்த்தார். நான் போகும்போதெல்லாம் இந்த வேலைதான் நடந்துகொண்டிருக்கும். நான் டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பிவிடுவேன்.

இந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. வருஷம் திரும்பாத வீடு என்பதால் பூசை கிடையாது, பொட்டும் பூவும் கிடையாது. ஆனால் எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து மாட்டப்போவதாக அண்ணன் போனில் சொன்னார். "எல்லாத்தையும் எறக்குனா எங்கயாச்சும் ஆம்புடும் தமிழு." அந்தக் குரலைக் கேட்டபிறகு பரணிலிருந்து மெஷினை இறக்கினேன்.

கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அரியலூரில் வண்டி மாறி, பெரம்பலூர் வருகிற வரைக்கும் ஒரே திட்டம். அண்ணன் பார்க்காத நேரத்தில் மெஷினை ஷெட்டின் ஒரு மூலையில் சாக்குக்குப் பின்னால் செருகிவிட வேண்டும். பிறகு நானே கண்டுபிடித்ததுபோல ஒரு சத்தம் போட வேண்டும். அவர் மனசும் உடையாது, என் மானமும் போகாது.

மதியம் சாப்பிட அண்ணன் உள்ளே போனதும் ஷெட்டுக்குள் நுழைந்தேன். சாக்கு இல்லை, மூலையில் குப்பையும் இல்லை. ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டிய சாமான் மட்டும் இருந்தது, ஒவ்வொரு டப்பாவின் மேலும் உள்ளே இருப்பதன் பேர் இருந்தது. தரையில் எதையும் வைக்கக் கூடாது என்று நீங்கள் போட்ட சட்டத்தை அண்ணன் பத்து மாதமும் காப்பாற்றி வைத்திருந்தார். அண்ணி, நீங்கள் வைத்த ஒழுங்கில் ஒரு பொருளை ஒளித்து வைக்க இடமே இல்லை. அந்த மெஷினுக்கு இருந்த ஒரே இடம் ஏழாம் எண்ணின் காலி உருவம்தான். கட்டைப்பையோடு அதன் முன்னால் நான் திருடியைப் போல நின்றுகொண்டிருந்தபோது அண்ணன் கை கழுவிவிட்டு வந்துவிட்டார்.

"பையில என்ன?"

எடுத்துக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, தொலைந்த சாவி, நாய், நீங்கள் சிரித்தது, ஒரு வாரக் கெடு, பதினாறாம் நாள் நான் சொன்ன பொய். மேசை எதுவும் கிடையாது என்பதையும் சொன்னேன்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். "பத்து மாசமா ஒவ்வொரு பலகையா தடவிப் பாத்துக்கிட்டிருந்தேன். நீ பாத்துக்கிட்டே நின்ன" என்றார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு மெஷினை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிளேடு இடுக்கில் எங்கள் கதவின் மரத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது. பிரஷ்ஷை எடுத்து அதைத் துடைத்தார்.

"கதவு இப்ப சாத்துதா?"

"சாத்துதுண்ணே."

"நல்லா சாத்துதா?"

"ஒத்த வெரல்ல தள்ளுனா போதும்."

"அப்ப அவ கடசியா செஞ்ச வேல அதுதான்" என்றார். குரலில் கோபம் இருந்தது, கோபம் மட்டும் இல்லை. வயரைத் தளர்வாகச் சுருட்டி, டியூப் வளையத்தைப் போட்டு, மெஷினைக் கறுப்புக் கோட்டுக்குள் சரியாகப் பொருத்தி மாட்டினார். ஆணி அடிக்கத் தெரியாத மனுஷன் இதையெல்லாம் எப்போது பழகினார்?

ஏழாம் ஆணியில் இருந்த உங்கள் டோக்கனில் கை வைத்தவர் அதை எடுக்காமல் அப்படியே நின்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் எடுத்துவிட்டார். சட்டைத் துணியில் ஒருமுறை துடைத்து, வாசல் பக்கம் நடந்து, இடது வரிசையில் பத்து மாதமாகக் காலியாக இருந்த உங்கள் ஆணியில் மாட்டினார்.

"வூட்டுக்கு வந்துட்டா" என்றார். "இனிமே தேட வேணாம்."

அதற்குமேல் ரெண்டு பேராலும் தாங்க முடியவில்லை. ஷெட்டிலேயே உட்கார்ந்து அழுதோம். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது அண்ணன் ஒரு தகட்டுத் துண்டை எடுத்து வெட்டினார். ஆணி முனையை வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டி என் பேரைப் பொறித்தார். வட்டம் வட்டமாக வரவில்லை, எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறது. நீங்கள் பார்த்திருந்தால் மறுபடி வெட்டச் சொல்லியிருப்பீர்கள். "இது சாவிக்கொத்துக்குப் போவக் கூடாது" என்று சொல்லி அதை உங்கள் டோக்கனுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். என்னைப் பஸ் ஏற்றிவிட வரவில்லை. ஆனால் மறுநாள் போன் செய்து, பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் ஆகும் அண்ணி.

ஐப்பசி பிறக்கப் போகிறது. கொள்ளிடம் பக்கம் வானம் கறுத்துவிட்டது, எங்கள் கதவு இந்த வருஷமும் உப்பும். மெஷினுக்கு நான் வருவேன். என் டோக்கனை என் கையாலேயே ஏழாம் ஆணியில் மாட்டிவிட்டு எடுப்பேன், ஒரு வாரத்துக்குள் தூள் துடைத்துக் கொண்டுவந்து கொடுப்பேன். இனி யார் பேரிலும் எதையும் எடுக்க மாட்டேன், உங்கள் பேரில் எடுக்கவே மாட்டேன். நீங்கள் இடது பக்கத்திலேயே, வீட்டிலேயே இருங்கள்.

பத்து மாதம் பிந்தி வந்த உங்கள் நாத்தனார்,
தமிழரசி
திருமானூர்