முப்பத்தெட்டாவது வரி

11.6.1985, செவ்வாய்

இன்று ஐம்பத்தொரு கட்டு மார்க் தாள் தட்டினேன். நேற்றைவிட ஏழு அதிகம்.

நோன்பு நாளில் கம்ப்யூட்டர் அறையின் குளிர் ஒரு சௌகரியம்தான். தாகம் தெரிவதில்லை. ஆனால் மூன்று மணிக்கு மேல் எண்கள் கண்ணுக்குள் மிதக்க ஆரம்பித்துவிடுகின்றன.

சின்னச்சாமி சார் காலையிலேயே வந்து நின்றார். கம்ப்யூட்டர் சென்டர் பொறுப்பு அவருடையது. போன வருஷம் வரை பேயாண்டி சார் பிரிவில் நாற்பது பேர் உட்கார்ந்து கையால் எழுதிய மார்க் பட்டியலை, இந்த வருஷம்தான் முதல்முறையாக மெஷின் போடுகிறது. இருபத்து நாலாம் தேதி ரிசல்ட் என்று துணைவேந்தரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். நான் தட்டிய கட்டை சோலையம்மாள் மறுபடி தட்ட வேண்டும், இரண்டும் பொருந்தாவிட்டால் மெஷின் கத்தும். அதுதான் விதி. மீதிக் கட்டுகளுக்கு மறுதட்டு வேண்டாம், சரிபார்த்ததாகக் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றார் சார். எழுதித் தரவில்லை, வாயால் சொன்னதுதான்.

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி மூன்றாம் தாள் கட்டு ஒன்றை அடிக்கும்போது கரண்ட் போனது. வந்ததும் விட்ட இடத்திலிருந்து அடித்தேன். முப்பத்தெட்டு பேர். முடிவில் மெஷினில் ஒரு வரி மிச்சம் நின்றது. தாளில் யாரோ ஒருவர் வராதவர் என்று பார்த்த ஞாபகம். அந்த வரிக்கு ‘வரவில்லை’ போட்டு முடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

21.6.1985, வெள்ளி

பெருநாள். அம்மா நெய்ச்சோறு ஆக்கினாள். நாளை சனிக்கிழமையும் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

24.6.1985, திங்கள்

வந்துவிட்டது ரிசல்ட். சொன்ன தேதிக்குச் சொன்னபடி. பேப்பரில் இரண்டு பக்கம் முழுக்க எண்கள். துணைவேந்தர் எங்கள் அறைக்கே வந்தார், செருப்பை வெளியே விட்டுவிட்டு. சின்னச்சாமி சார் பகல் ஷிப்டில் இருக்கும் எங்கள் இருவரையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்தார். நிரந்தரம் செய்யும் பட்டியல் ஜூலை பன்னிரண்டில் வரும், இரண்டு பேர் பெயரும் போயிருக்கிறது என்று பிறகு தனியாகச் சொன்னார். மூன்று வருஷமாகத் தற்காலிகம். சோலையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் விட்டுப்போய் நாலு வருஷம். அவள் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

பேயாண்டி சார் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

3.7.1985, புதன்

மறுகூட்டல் மனு வாங்கும் கவுன்டரில் ஆள் குறைவு என்று என்னை இன்று அங்கே உட்கார வைத்தார்கள்.

பதினொரு மணிக்கு எழுமலையிலிருந்து ஒரு பெண்ணும் அப்பாவும் வந்தார்கள். அன்னக்கொடி, விருமாண்டி. எல்லாத் தாளிலும் நல்ல மார்க். கெமிஸ்ட்ரி மூன்றாம் தாளில் மட்டும் ‘வரவில்லை’ என்று வந்திருக்கிறது. பி.எட். சேர மனுப் போட்டிருக்கிறாள், பதினைந்தாம் தேதிக்குள் மார்க் ஷீட் கொடுக்க வேண்டும். கவுன்டர் பொறுப்பில் இருக்கும் பேயாண்டி சார் அவர்களை உட்காரவும் சொல்லாமல், பரீட்சை அறையில் இருந்த வாத்தியாரிடம் சான்றிதழ் வாங்கி வாருங்கள், விசாரிக்க ஒரு மாதம் ஆகும் என்று அனுப்பப் பார்த்தார்.

விருமாண்டி சத்தம் போடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

“தாயி, பரீச்சை நடந்த அம்புட்டு நாளும் நாந்தேன் கூட்டிட்டு வந்தேன். உள்ள போனதையும் பாத்தேன், வெளிய வந்ததையும் பாத்தேன். வரலைன்னு எப்பிடி எழுதுவாக?”

அந்தப் பெண் தலையே நிமிரவில்லை. நம்பரைக் குறித்துக்கொண்டேன். கடைசி இரண்டு இலக்கம் முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டு. முடிவில் மிச்சம் நின்ற வரி. வீட்டுக்கு வந்தும் அதுதான். வேறு கட்டாக இருக்கும். இருக்கணும்.

4.7.1985, வியாழன்

அதே கட்டுதான்.

பழைய தாள் கட்டை எடுக்க பேயாண்டி சாரிடம்தான் சாவி. எதற்கு என்று கேட்டார். ஒரு மனு சம்பந்தமாக என்றேன். கொடுத்துவிட்டார்.

வராதவர் இருபத்திரண்டாம் எண். கரண்ட் வந்தபின் நான் இருபத்திரண்டைத் தாண்டி இருபத்து மூன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். பதிவெண்ணை மெஷின் தானாகப் போட்டுக்கொள்ளும், நாங்கள் மார்க் மட்டும்தான் தட்டுவோம். அதனால் இருபத்து மூன்றின் மார்க் இருபத்திரண்டுக்கு. இருபத்து நாலின் மார்க் இருபத்து மூன்றுக்கு. இப்படியே போய், கடைசியில் மார்க்கே இல்லாமல் முப்பத்தெட்டு. அன்னக்கொடிக்கு உண்மையில் எழுபத்தொன்று. அது முப்பத்தேழாம் எண்ணுக்குப் போயிருக்கிறது.

பதினேழு பேர். பதினாறு பேருக்கு அடுத்தவர் மார்க், அன்னக்கொடிக்கு மார்க்கே இல்லை. பரீட்சையே எழுதாத இருபத்திரண்டுக்கு ஐம்பத்தாறு, தேர்ச்சி. இருபத்திரண்டாம் எண் பெண் கல்யாணமாகிப் படிப்பை விட்டுவிட்டாளாம், அதனால்தான் அந்தப் பக்கமிருந்து ஒரு பேச்சும் இல்லை.

கட்டின் மேல் தாளில் என் கையெழுத்து. அதன் கீழே ‘சரிபார்க்கப்பட்டது’, சோலையம்மாள் கையெழுத்து.

நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன். கடைசி வரியில நின்னு ஒரு நிமிஷம் தாளைத் திருப்பிப் பாத்திருந்தா— ஒரு நிமிஷம்தான்.

5.7.1985, வெள்ளி

சோலையம்மாளிடம் சொன்னேன். மத்தியானம், வேப்பமரத்தடியில். அவள் சோற்று டப்பாவை மூடிவிட்டாள்.

முதலில் நம்பவில்லை. பிறகு தாளைக் காட்டியதும் தன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

“அந்த ஒரு புள்ளைக்கு மட்டும் திருத்திட்டா போதும்லடி. மத்த யாரும் கேக்கலையே. பன்னெண்டாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கோ ஹாஜரா. நான் உன்ன நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.”



6.7.1985, சனி

சாப்பிடப் பிடிக்கவில்லை. காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

8.7.1985, திங்கள்

சின்னச்சாமி சாரிடம் போனேன். கோபப்படுவார் என்று பயந்தேன். கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ரிசல்ட் தாமதமாகி எத்தனை பிள்ளைகள் இத்தனை வருஷமாக மேல்படிப்பில் சேர முடியாமல் போனார்கள் என்று எடுத்துச் சொன்னார். உண்மைதான். என் தம்பி யூனுஸுக்கே அப்படி ஒரு வருஷம் வீணானது. கையால் எழுதியபோது தப்பே வந்ததில்லையா என்று கேட்டார். அதுவும் உண்மைதான். முதல் வருஷமே பதினேழு பேர் மார்க் மாறிவிட்டது என்று வெளியே தெரிந்தால் மெஷினைப் போர்வை போட்டு மூடிவிடுவார்கள், மறுபடி இரண்டு மாதம், மறுபடி நாற்பது பேர் என்றார்.

“முப்பத்தெட்டாம் நம்பரை மட்டும் எழுத்தர் பிழைன்னு திருத்தித் தரேன். நாளைக்கே மார்க் ஷீட் கையில கிடைக்கும். மத்ததைத் தொடாதம்மா.”

மறுதட்டு வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, அப்படி நான் எங்கே எழுதிக் கொடுத்தேன் என்றார்.

9.7.1985, செவ்வாய்

பதினேழு பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், இடப்பக்கம் வந்த மார்க், வலப்பக்கம் உண்மையான மார்க். நாற்பது எடுத்தால் தேர்ச்சி. நிறைய பேருக்கு ஐந்து, பத்து கூடும் அல்லது குறையும், அவ்வளவுதான்.

அன்னக்கொடியைத் தவிர இன்னும் இரண்டு பேர் தேறியும் தோற்றதாக வந்திருக்கிறார்கள். முப்பதும் முப்பத்து நாலும். முப்பது சமயநல்லூர்ப் பையன். அவன் எடுத்தது நாற்பத்தொன்பது, வந்தது இருபத்தொன்பது. இரண்டு பேரும் மனுப் போடவில்லை. போட மாட்டார்கள். பேப்பரில் நம்பர் இல்லை என்றால் தோற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க எல்லோருக்கும் ஒரு விருமாண்டி இருக்கிறாரா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முப்பத்தொன்றும் முப்பத்தைந்தும் தோற்றவர்கள், தேறியதாக வந்திருக்கிறார்கள். முப்பத்தொன்று முத்துக்கருப்பன். அந்த இருபத்தொன்பது அவனுடையது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலைக்கு என்று காரணம் எழுதி, தற்காலிகச் சான்றிதழ் வாங்கிப் போயிருக்கிறான். வேலையில் சேர்ந்திருப்பான்.

நான் வாயைத் திறந்தால் அவன் வேலை போகும். அவன் எனக்கு என்ன கெடுதல் செய்தான்?

10.7.1985, புதன்

அம்மாவிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அத்தா இறந்த பிறகு இந்த வீட்டில் எதையும் அவளிடம் மறைக்க முடிந்ததில்லை.

கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளைக்குச் சரி செய்து கொடுத்துவிட்டு மற்றதை அல்லாஹ்விடம் விடு என்றாள். அப்புறம் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள், மடித்ததையே பிரித்துப் பிரித்து.

எல்லாரும் ஒரே பேச்சு. அந்த ஒரு புள்ள, அந்த ஒரு புள்ள. அவ நம்மகிட்ட வந்து நின்னா, அதனால. வராதவுகளுக்கு?

11.7.1985, வியாழன்

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றரைப் பக்கம். என்ன நடந்தது, எத்தனை பேர், யார் யாருக்கு எவ்வளவு. மறுதட்டு நிறுத்தியது வாய்மொழி உத்தரவு என்றும் எழுதினேன், யார் சொன்னது என்றும். அந்த வரிக்கு முன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பத்து நிமிஷம் சும்மா இருந்தேன்.

தேர்வுக் கன்ட்ரோலர் இரண்டு தடவை படித்தார். நாளைக்குப் பட்டியல் வருகிறது, தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். இதை நான் வாங்கிக்கொண்டால் திருப்பித் தர முடியாது என்றார்.

“வாங்கிக்கங்க சார்.”

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன்.

12.7.1985, வெள்ளி

பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். சோலையம்மாள் பெயர் இருக்கிறது.

15.7.1985, திங்கள்

விசாரணை. கன்ட்ரோலரோடு இன்னும் இரண்டு பேர். சின்னச்சாமி சார் அப்படி ஓர் உத்தரவே தரவில்லை என்றார். சோலையம்மாளைக் கூப்பிட்டார்கள். ஞாபகம் இல்லை என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

மறுதட்டு இல்லாமல் போன கட்டுகள் எல்லாவற்றையும் பேயாண்டி சாரும் நாலு பேரும் சனி, ஞாயிறு உட்கார்ந்து கையால் ஒத்துப் பார்த்துவிட்டார்கள். இன்னும் இரண்டு இடத்தில் தப்பு. இரண்டும் நான் தட்டியதல்ல, மாலை ஷிப்டில் வேறொருவர் தட்டியது. அது எனக்கு ஆறுதலா? இல்லை.

திருத்திய மார்க் ஷீட் இரண்டு மணிக்கு அன்னக்கொடி கைக்கு வந்தது. கடைசி நாள் இன்றுதான். விருமாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். ஓடியதைப் பார்த்தேன். நல்ல ஓட்டம்.

20.7.1985, சனி

பேப்பரில் மூலையில் ஒரு கட்டம். ‘நிர்வாகக் காரணங்களால் கீழ்க்கண்ட பதிவெண்களின் தேர்வு முடிவுகள் மாற்றப்படுகின்றன.’ காரணம் அவ்வளவுதான். முப்பத்தொன்றைத் தேடிப் பார்த்தேன். இருந்தது.

எனக்குத் தற்காலிகம் இன்னும் ஆறு மாதம். திங்கள் முதல் கவுன்டர். கம்ப்யூட்டர் அறை சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

4.11.1985, திங்கள்

துணைத்தேர்வு மார்க் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மெஷினைப் போர்வை போட்டு மூடவில்லை. இரண்டாவது ஆள் தட்டிப் பொருந்தினால்தான் கட்டை உள்ளே வாங்குகிறது, கையெழுத்து மட்டும் போதாது என்று மாற்றிவிட்டார்கள். எழுத்தில் உத்தரவு. சின்னச்சாமி சார்தான் போட்டிருக்கிறார்.

சோலையம்மாள் வராந்தாவில் எதிரே வந்தாள். நின்றாள். நானும் நின்றேன். அம்மா சௌக்கியமா என்று கேட்டாள். சௌக்கியம் என்றேன்.

20.1.1986, திங்கள்

கவுன்டரில் துணைத்தேர்வு மார்க் ஷீட் கொடுத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு பையன் ரசீதை நீட்டினான். பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. முத்துக்கருப்பன். கெமிஸ்ட்ரி மூன்றாம் தாள், நாற்பத்தாறு. தேறிவிட்டான்.

மார்க் ஷீட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். போகட்டும் என்று விட்டிருக்கலாம். அவனுக்கு என்னைத் தெரியாது. பின்னால் வரிசை நின்றது.

சொல்லிவிட்டேன். போன வருஷம் உங்கள் மார்க்கை மாற்றித் தட்டியது நான்தான், பிறகு அதை எழுதிக் கொடுத்ததும் நான்தான் என்று.

திட்டுவான் என்று நினைத்தேன். பின்னால் இருந்தவரை முன்னால் விட்டுவிட்டு ஓரமாக நின்றான். வரிசை முடிந்த பிறகு வந்தான். இருபத்திரண்டு நாள் வேலை பார்த்தானாம். சங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை என்றான்.

“ஆளைப் பிடிச்சு மார்க்கப் போட வச்சுட்டேன், அப்புறம் மாட்டிக்கிட்டேன்னு ஊர்ல பேசுறாக மேடம். பேப்பர்ல நிர்வாகக் காரணம்னு போட்டா யாரு நம்புவா? எங்கய்யாவே நம்பலை. இப்ப நீங்க சொன்னதை அப்பிடியே ஒரு தாள்ல எழுதித் தருவீகளா?”

எனக்கு அதற்கு அதிகாரம் இல்லை. ஆறு மாத நீட்டிப்பு இந்த வாரம்தான் முடிகிறது, மறுபடி நீட்டுவார்களா என்றே தெரியாது. வெள்ளைத் தாள் ஒன்று எடுத்தேன். 11.6.85 அன்று கட்டைத் தட்டியது நான், ஒரு வரி தவறவிட்டது நான், மார்க் மாறியதில் இந்த மாணவருக்கு எந்தப் பங்கும் இல்லை. கீழே முழுப் பெயர், ஏ. ஹாஜரா.

நிமிர்ந்தால் பேயாண்டி சார் பின்னால் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. தாளை வாங்கினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, இன்னொரு தடவை படித்தார். தன் மேஜைக்குப் போனார். சரி, கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

என் பெயருக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டு, அலுவலக முத்திரையை மையில் ஒற்றி, அழுத்திக் குத்தினார். கம்பி வழியாக அவனிடம் நீட்டிவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

முத்துக்கருப்பன் மை காயட்டும் என்று தாளை விரித்தபடியே பிடித்திருந்தான். காய்ந்ததும் மார்க் ஷீட்டோடு சேர்த்து மடித்தான்.

“வாரேன்க்கா” என்றான்.