கூடத்தில் மாட்டிய தாத்தா

ஐப்பசி 2, வியாழன்

விடியும்போதே தூறல். துணி காயவில்லை. பெரிய ஆணி வாங்க வேண்டும். பித்தளை தேய்க்கப் புளி.

பழைய சாமான் பாய் சொன்னபடி வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். ஆளுயரக் கண்ணாடி, ஓரத்தில் கொஞ்சம் ரசம் போயிருக்கிறது. சுவர்க்கடிகாரம், ஓடாது. பரவாயில்லை, பார்க்கத்தானே. கை வைத்த ஈட்டி மர நாற்காலி ஒன்று. வாய் அகன்ற பித்தளைச் சாடி. அப்புறம் அந்தப் படம். பொன் பூசிய சட்டத்துக்குள் தலைப்பாகை, சரிகை அங்கவஸ்திரம், வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியோடு ஒருவர். போட்டோவைப் பெரிதாக்கி வர்ணம் தீட்டியது.

எல்லாம் வலங்கைமான் பக்கத்து மிராசு வீட்டுச் சாமான்களாம். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததிலிருந்து ஒவ்வொரு வீடாக விற்றுவிட்டு மெட்ராஸ் போகிறார்கள் என்றார் பாய். வலங்கைமான் என்றதும் எனக்கு இன்னும் பிடித்துப்போனது. இவருக்கும் சொந்த ஊர் அங்கேதான்.

ஆபீஸிலிருந்து வந்தவர் படத்தின் எதிரே ரொம்ப நேரம் நின்றார். பிடிக்கவில்லையா என்றேன். "இருக்கட்டும்" என்றார். அவரே ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தார்.

நேற்றுவரை குவார்ட்டர்ஸ் சுண்ணாம்புச் சுவர், ஒரு காலண்டர். இன்று கூடம் கூடமாக இருக்கிறது. காபியைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளித் தள்ளி நின்று பார்த்தேன். காபி ஆறிவிட்டது.

ஐப்பசி 5, ஞாயிறு

வெயில். போர்வைகள் துவைத்தேன்.

பித்தளைச் சாடியில் ரோஜா வைத்திருந்தேன். எதிர்வீட்டு சரோஜா வந்தாள். சாடியைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இது படிக்கம்ல? வெத்தலை போட்டுத் துப்புறது" என்றாள். சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. காது வரைக்கும் சூடு. என் அப்பா தபால் ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் வீட்டில் படிக்கத்தை யார் கண்டார்கள்.

அந்தச் சூடு அடங்குவதற்குள் படத்தைக் காட்டி, "இது யாரு, வீட்டுப் பெரியவங்களா?" என்றாள்.

"இவங்க தாத்தா" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. சரோஜா முகம் மாறிவிட்டது. அதுவரை காலை நீட்டிக்கொண்டு இருந்தவள் மடக்கி உட்கார்ந்தாள். அந்த மாற்றம் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில் ஒருத்தி, "மிராசு வீட்டு மருமகளா நீங்க, சொல்லவே இல்லையே" என்கிறாள். இவரிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது.

ரோஜாவை எடுத்துத் தம்ளரில் வைத்தாயிற்று.

ஐப்பசி 11, சனி

மழை. வெண்ணாற்றில் தண்ணீர் ஏறுகிறதாம். கரை பார்க்க இவர் ரெண்டு தரம் போய்வந்தார்.

நாளைக்கு இ.இ. வீட்டம்மா டிபனுக்கு வருகிறார்கள். இவருடைய மேலதிகாரி மனைவி. ரவை, முந்திரி, கூடப் பால். கண்ணாடிக்கு விபூதி போட்டுத் துடைக்க.

பத்து மணிக்கு மாமா வந்து நிற்கிறார். இவர் அப்பா. திங்கட்கிழமை குத்தகை கேஸாம், இங்கே கோர்ட்டில். போன வாரமே கார்டு போட்டாராம், வரவில்லை. அத்தை போனபிறகு தனியாகத்தான் இருக்கிறார். மஞ்சள் பையில் உளுந்து, ஒரு சீப்பு வாழைப்பழம். நேரே திங்கட்கிழமை வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நினைத்தேன், ஆமாம்.

குடையை வாசலில் சாத்திவிட்டுக் கூடத்துக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார். தோளில் கிடந்த துண்டை இறக்கி இடுப்பில் சுற்றிக்கொண்டார். நனைந்துவிட்டது போல என்று வேறு துண்டு எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தால் துண்டு மறுபடி தோளில். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "வேணாம் ஆயி" என்று பின்கட்டுக்குப் போய்விட்டார்.

ஐப்பசி 12, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

இ.இ. அம்மா நாலரைக்கு வந்தார்கள். கேசரி நன்றாக வந்திருந்தது. கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்கள், நாற்காலியைத் தடவிப் பார்த்தார்கள். நான் கூடவே நடந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இவ்வளவு பெரிய குடும்பம் என்று இன்ஜினியர் சொன்னதே இல்லையே என்றார்கள். லைன் பேச்சு அங்கேயும் எட்டியிருக்கிறது. இவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மாமா கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். யார் என்று கேட்டார்கள். "ஊர்லேர்ந்து" என்று ஆரம்பித்தேன். "எங்க அப்பா" என்றார் இவர்.

இ.இ. அம்மா எழுந்து கும்பிட்டார்கள். படத்தைக் காட்டி, "அப்ப இவங்க உங்க அப்பாங்களா?" என்றார்கள்.

மாமா படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் இருந்திருக்கும்.

"ஆமாங்க" என்றார்.

"ஜாடை அப்படியே இருக்கு."

அதற்கும் தலையாட்டினார். 'கேஸ் கட்டு எடுத்து வைக்கணும்' என்று உள்ளே போய்விட்டார்.

அவர்கள் போனதும் இவரைப் பின்பக்கம் கூட்டிப்போய், மாமா ஏன் அப்படிப் பார்த்தார் என்று கேட்டேன். படத்தில் இருப்பவர் மாமாவின் மிராசுதாராம். குத்தகைக்காரரை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்தபிறகும், விளைந்து நின்ற பயிரை ஆள் விட்டு அறுத்துக்கொண்டு போனாராம். மாமா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த மிராசுதார் இப்போது செத்துப்போய்விட்டார். நாளைக் கேஸ் அவர் மகன்மேல்.

"தெரிஞ்சா மாட்டுனீங்க?"

"பாத்த உடனே தெரியும். அந்த வீட்டு வாசல்ல எங்கப்பா எப்படி நிப்பாருன்னு சின்ன வயசுல பாத்திருக்கேன். இன்னிக்கு என் ஆணியில தொங்கட்டும்னு நெனச்சேன். நீ தாத்தாவா ஆக்குவேன்னு எனக்கெப்படித் தெரியும்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

படத்தைக் கழற்ற ஸ்டூல் போட்டேன். கனம். மாமா வந்து கீழ்ப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்தார். "பாத்து, கண்ணாடி உடையப்போவுது" என்றார். ரெண்டு பேருமாக இறக்கி, முகம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி சாத்திவைத்தோம். மன்னிச்சிடுங்க மாமா என்றேன்.

"வந்தவங்க முன்னாடி ஒன்னை விட்டுக்குடுக்க முடியுமா ஆயி. ஒரு வார்த்தைதானே" என்றார்.

ராத்திரி மாமா பாதிச் சாப்பாடுதான் சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை.

ஐப்பசி 13, திங்கள்

மழை விடவில்லை. எங்கேயோ கரை அரிக்கிறது என்று இவரை விடியற்காலையிலேயே ஜீப் வந்து கூட்டிப்போய்விட்டது. மாமாவோடு நான் போனேன். ரிக்‌ஷாவில் ஒரு குடைக்குள் ரெண்டு பேர். அவர் ஒரு பக்கம் முழுக்க நனைந்துவிட்டார், என் பக்கமே குடையைச் சாய்த்துக்கொண்டு.

கோர்ட் வராந்தா பூராவும் குத்தகைக்காரர்கள், ஈரத் துண்டு வாடை. எதிர்த்தரப்பில் வக்கீல் மட்டும் வந்திருந்தார், மகனைக் காணோம். மாமா ஒரு தூணை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். புடவை அழுக்காவும் என்றார். ஆகட்டும் மாமா என்றேன்.

நாலு வருஷமாகிறது கல்யாணமாகி. இவர் தாத்தா பேர் என்னவென்று கேட்டதே இல்லை.

டவாலி வெளியே வந்து கூப்பிட்டான்: "முத்தையன் மகன் கோவிந்தசாமி."

மாமா எழுந்தார். "இருக்கேன்" என்றார், வராந்தா முழுக்கக் கேட்கும்படி. துண்டு தோளிலேயே இருந்தது.