அந்தப் பாட்டில் வரும் ‘அவ’

போர்ட் சால்மர்ஸ்
ஜூலை, ஞாயிறு பிற்பகல்

அன்பு மகன் பெர்கஸுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், படிக்கட்டு ஏறும்போது மட்டும் முழங்கால் தன்னை நினைவுபடுத்துகிறது, மற்றபடி உடம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நீயும் சிகாகோவில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நம்பியே இதைத் தொடங்குகிறேன். அங்கே வெயில் கொளுத்துகிறது என்றாய், இங்கே குளிர்காலம், ஒரு வாரமாக எலும்பை உறைய வைக்கும் தெற்குக் காற்று, மரக்கட்டை ஏற்ற வந்த கப்பல் ஏற்றாமலே துறையில் நிற்கிறது. உன் அக்கா ஐலா இன்வர்கார்கிலிலிருந்து பிள்ளைகளோடு வந்து இருந்துவிட்டுப் போனாள். சின்னவனுக்கு முன்பல் விழுந்திருக்கிறது, மாமாவுக்கு எழுது என்றான், எழுதிவிட்டேன். சீஸ் ரோல் சுருட்டி குளிர்பதனப் பெட்டியில் அடுக்கிவிட்டுப் போயிருக்கிறாள், வெங்காயம் போதவில்லை, ஆனால் நான் அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

தொலைபேசியில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவர் என்ன சொன்னாலும் நான் சரி சரி என்று சொல்லிவிடுகிறேன். போன முறை நீ ‘பேட்டியில அம்மாவைப் பத்திக் கேப்பாங்கப்பா, நான் என்ன சொல்றது’ என்று கேட்டாய், அதற்கும் சரி சரி என்றேன். கேள்விக்குச் சரி என்று பதில் சொன்ன தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதற்குப் பிறகு இங்கே ஒன்று நடந்துவிட்டது, அதை உனக்குச் சொல்லியாக வேண்டும். வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் பாதியில் தைரியம் போய்விடும்.

உன் ‘ஈர விறகு’ பாட்டுத் தொகுப்பு வெளிவந்ததும் முதலில் நம் டனீடன் பத்திரிகையில் நெவில் டாட்ஸ் விமரிசனம் எழுதினார், மூன்று நட்சத்திரம். சாவகாசமான பையன், சாவகாசமான பாட்டு, சோபாவில் படுத்துக்கொண்டே கிதார் வாசித்தது போல இருக்கிறது, ஒழுகுகிற கொட்டகையைப் பற்றிய பாட்டில் வாய்விட்டுச் சிரித்தேன், ஆனால் இந்தப் பையன் எப்போதாவது ஒருமுறை எழுந்து உட்கார்ந்தால் நன்றாயிருக்கும் என்று முடித்திருந்தார். சாவகாசமாகக் கேட்கும்படி ஒரு வரியை அமைக்க நீ படும் பாடு அவருக்குத் தெரியுமா என்று எழுத உட்கார்ந்து, ‘மதிப்புக்குரிய ஐயா’ வரை எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். வேலைக்காலம் முழுக்கப் பல்கலைக்கழக நூலகத்தில் எந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்று பொருள் தலைப்பு போட்டவன் நான், ஒரு புத்தகத்தையும் நல்லது கெட்டது என்று சொன்னவனில்லை, பாட்டைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று தோன்றிவிட்டது.

அதன்பிறகு அந்தப் பெரிய அமெரிக்க இணையத்தளத்தில் நீளமான கட்டுரை வந்தது, ஐலா அச்செடுத்து அனுப்பினாள். எழுதிய அம்மையார் கெட்டிக்காரர், நல்ல நடை, கெட்ட எண்ணம் எள்ளளவும் இல்லை. ஆனால் நம் ஊரில் படகில் ஓட்டை விழுந்தாலும் கார் கதவு கழன்றாலும் மழை விடாமல் பெய்தாலும் ‘அவ சரியாயிடுவா’ என்றுதான் சொல்வோம் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்த ‘அவ’ ஒரு பெண் இல்லை, அவளுக்கு முகமோ பெயரோ கிடையாது, சுத்தியலை எடுக்கச் சோம்பல்படுகிறவனின் பேச்சு அது. ‘அவ’ என்றதும் அம்மையார் ஒரு பெண்ணைத் தேடியிருக்கிறார், இசை நிறுவனம் அனுப்பிய குறிப்பில் ‘தாயை இழந்த ஆண்டில் பதிவு செய்தது’ என்று இருந்திருக்கிறது, பெண் கிடைத்துவிட்டாள். ‘வாளியை வெச்சாச்சு, அவ சரியாயிடுவா’ என்று நீ பாடும் இடத்தில் மரணத்தை ஏற்க மறுக்கும் மகனின் குரல் கேட்கிறது என்கிறார், அந்த வாளி நோயாளியின் கட்டிலருகே இருக்கும் வாளி என்கிறார். அங்கே நான் தாளைக் கீழே வைத்துவிட்டேன். அப்படி ஒரு வாளியும் நம் வீட்டில் இருந்தது, அம்மாவின் கடைசி மாதத்தில் வந்திருந்தபோது நீயே அதைக் கழுவியிருக்கிறாய். ஆனால் பாட்டில் இருப்பது அது இல்லையே. அம்மாவுக்குத் தலைவலிகூட இல்லாத காலத்தில் கொட்டகைக் கூரைக்குக் கீழே நான் வைத்த பெயிண்ட் வாளி அல்லவா அது. நானும் பக்கத்து வீட்டு வாட்டியும் கூரைமேல் ஏறி, தார் நாடா ஒட்டி, நாலு ஆணி அடித்து, இறங்கி வந்து ‘அவ சரியாயிடுவா’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு பீர் குடித்தோம், அடுத்த மழைக்கே ஒழுகியது. அம்மாவுக்கு அந்தப் பேச்சு அடியோடு பிடிக்காது. ‘இந்த ஊர் ஆம்பளைங்க வீட்டுக் கூரை எதுவும் ஆணியில நிக்கல, இந்த ஒத்தை வார்த்தையிலதான் நிக்குது’ என்றாள். அதை வைத்துத்தான் நீ பாட்டுக் கட்டினாய், சமையலறையில் முதல்முறை பாடிக் காட்டியபோது அவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், உனக்கு நினைவிருக்கும்.

பிறகு வந்த விமரிசனங்களில் பாதி, பாட்டைக் கேட்பதற்கு முன் அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் எழுதியவை. சாவகாசம் என்ற சொல்லே எங்கும் காணவில்லை, எல்லோருக்கும் துயரம்தான், எல்லோருக்கும் நான்கரை நட்சத்திரம். நூலகத்தில் தவறான தலைப்பில் போய் உட்கார்ந்த புத்தகம் திருடுபோன புத்தகத்துக்குச் சமம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் யாரும் பொய் சொல்லவில்லை பாரேன், நிறுவனத்தின் குறிப்பில்கூட ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஐலாவிடம் மெல்லப் பேச்செடுத்தேன். ‘விடுங்கப்பா. பத்து வருஷமா இருபது பேருக்கு முன்னாடி பாடிட்டிருந்தான், அதுல அஞ்சு பேர் நம்ம சொந்தக்காரங்க. இப்பதான் அவனுக்கு அரங்கு நிறையுது. அம்மா இருந்தா அவளே வாயை மூடிட்டு இருங்கன்னுதான் சொல்லியிருப்பா’ என்றாள். அம்மா எதற்கும் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை மாலை நம் ஊர்க் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து உன் தொகுப்பைக் கேட்பது என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த அமெரிக்கக் கட்டுரையை நம் பத்திரிகையும் எடுத்துப் போட்டிருந்ததால் வந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்திருந்தார்கள். முதல் பாட்டுகளுக்குக் காலாட்டிக்கொண்டிருந்தார்கள், ‘உம்ம பயலுக்கு இன்னும் கிதாருக்குச் சுருதி சேக்கத் தெரியலையேய்யா’ என்று வாட்டி என் காதில் சொன்னான். பிறகு அந்தப் பாட்டு வந்தது. எல்லோரும் கையிலிருந்த கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள். வாட்டி, என்னோடு அந்தக் கூரைமேல் ஏறி நின்ற அதே வாட்டி, குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான். ‘அவ’ என்றால் என்னவென்று தொட்டிலிலேயே தெரிந்துகொண்ட ஜனங்கள் பெர்கஸ், அவர்களுக்கே மறந்துவிட்டது. நானும் தலையைக் குனிந்துதான் இருந்தேன். அம்மா சிரித்த சிரிப்பை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை, கட்டில்தான் வந்தது. அவள் போன பிறகு அவள் சிரிப்பை வேண்டும்போது நான் போய்க் கேட்டுக்கொள்ள முடிந்த இடம் அந்தப் பாட்டு ஒன்றுதான், அங்கேயும் கட்டிலைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, கூட்டத்தில் எழுந்து பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது என்பது உனக்குத் தெரியும். ‘அது எங்க கொட்டகைக் கூரை’ என்றேன். யார் காதிலும் விழவில்லை. கொஞ்சம் உரக்க, அம்மாவின் பெயரைச் சொல்லியே, ‘அது நோலீன் இல்ல. கொட்டகைக் கூரை. வாட்டிதான் ஆணி அடிச்சான்’ என்றேன். பாட்டை நிறுத்தினார்கள். எனக்கு உட்காரவும் தெரியவில்லை. வாட்டி நிமிர்ந்து பார்த்து, ‘யோவ் லெஸ்லி, நாலு ஆணியில ரெண்டு உம்ம கையால அடிச்சது, அந்த ரெண்டுதான்யா ஒழுகுச்சு’ என்றான். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல், ‘நீங்க ரெண்டு பேரும் ஏணியை எடுத்தாலே கூரை அழ ஆரம்பிச்சிடும்னு நோலீன் சொல்லுவாளே’ என்றது. யாரோ முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும். பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார்கள், ‘அவ சரியாயிடுவா’ வரும்போதெல்லாம் கூடமே சேர்ந்து கத்தியது. எனக்கு அவள் சிரிப்பு முழுதாகத் திரும்பி வந்தது என்று சொல்லமாட்டேன், கத்தியை மேசையில் வைத்த சத்தம் வரைக்கும் வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு மாணவர் வானொலியில் பேசுகிற மெரேயானா என்ற பெண் என்னிடம் வந்து, ‘இதை நான் நிகழ்ச்சியில சொல்லலாமா ஐயா? உலகமே தப்பாக் கேட்டுட்டிருக்கு’ என்றாள். என் மகனைக் கேட்க வேண்டும் என்றேன். ‘கேட்டுட்டே சொல்லுங்க, அதுவரைக்கும் என் வாயிலேருந்து வராது’ என்றாள், நம்பலாம் என்றே தோன்றுகிறது, வாட்டியின் வாய்க்கு நான் பொறுப்பேற்க முடியாது. ஆக, உன்னைக் கேட்காமல் உன் பாட்டைப் பற்றி ஊரார் முன்னால் பேசிவிட்டேன். அது உன் பிழைப்பைத் தொடுமா என்று எனக்குத் தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. அந்தக் கட்டுரையால் விற்ற சீட்டுகள், அந்தக் கட்டுரையால் வந்த பேட்டி. இசை நிறுவனத்துப் பெண் ‘அந்தக் கட்டுரை சொன்னதைத் தொடாதீங்க, அப்படியே விடுங்க’ என்றதாகச் சொன்னாயே, அதிலும் ஒரு நியாயம் இருக்கலாம். நீ வேண்டாம் என்று எழுதினால் மெரேயானாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், அதற்காக உன்னைக் குறைவாக நினைக்கமாட்டேன். எங்கோ ஒருவர் அந்தப் பாட்டைக் கேட்டுத் தன் அம்மாவை நினைத்து அழுதிருப்பார், அந்தக் கண்ணீரைத் தவறு என்று சொல்ல நாம் யார். ஆனால் பேட்டியில் உன் முகத்தைப் பார்த்து, அந்த ‘அவ’ உங்கள் அம்மாவா என்று கேட்டால், ஆமாம் என்று மட்டும் சொல்லாதே. பேசாமல் இருப்பது வேறு, ஆமாம் என்பது வேறு. ஆமாம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் மேடையேறும் ஒவ்வொரு நாளும் உனக்கும் அந்தக் கட்டில்தான் வரும், நான் ஒருநாள் மாலை அதை அனுபவித்துவிட்டேன், உனக்கு வேண்டாம். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம், நீ யோசித்துப் பார்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே தோன்றவில்லை என்றாயே, உனக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. நீ வருத்தப்படுவாயோ என்று சொல்லாமலே வைத்திருந்தேன். நீ பாடிக் காட்டிய மறுநாள் காலை கொல்லையில் துணி உலர்த்தும்போது அவள் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தி, ‘நல்லாத்தான் இருக்கு லெஸ். ஆனா ரெண்டாவது சரணம் எதுக்கு? சொன்னதையே திரும்பச் சொல்றான். அவன்கிட்ட சொல்லித் தொலைக்காதே, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவான்’ என்று சொல்லிவிட்டு அடுத்த போர்வையை எடுத்தாள். எழுதிய இத்தனை பேரில் ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. நேற்று நான் மறுபடி கேட்டுப் பார்த்தேன், அவள் சொன்னது சரி என்றே படுகிறது, மன்னித்துக்கொள். பேட்டியில் அம்மாவைப் பற்றிக் கேட்டால் இதைச் சொல். அங்கே கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அவள் யார் என்று தெரிந்துவிடும்.

ஆண்டவர் உன் குரலையும் உன் மனத்தையும் காப்பாராக, போகுமிடமெல்லாம் நல்ல மனிதர்கள் உனக்குக் கிடைக்கட்டும். பல்வலி என்றாயே, தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார். மெரேயானாவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை மறக்காமல் எழுது. இரண்டாவது சரணத்தைப் பற்றிக் கோபம் வந்தால் அதையும் ஒளிக்காமல் எழுது, அவள் சார்பில் நான் வாங்கிக்கொள்கிறேன்.

உன் நன்மையை எந்நாளும் வேண்டும் அப்பா,
லெஸ்லி